வடலி வளர்த்துக் கள்ளுக் குடிக்கிற விளையாட்டு

“வடலி வளர்த்துக் கள்ளுக் குடிக்கிற அலுவல்” என்று எங்கட ஊரில் ஒரு நக்கல் இருக்கிறது. எப்பவோ வரப்போகிற பலனுக்காக இப்பவே முட்டியோடு குந்தியிருக்கிறவனைப் பார்த்துச் சொல்வது. வடலியில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. பாளை தள்ளும்வரைக்கும் அது ஆண்பனையா பெண்பனையா என்று ஆருக்கும் தெரியாது. பன்னிரண்டு, பதினைந்து வருசம் வேலிக்குள் வைத்துக் காத்த பிறகுதான் நுங்கு வருமா வராதா என்று தெரியும்.

அவுட் ஒஃப் த பார்க் பேஸ்போல் என்ற, பேஸ்போல் அணியை நடத்துகிற கணினி விளையாட்டில் 16 வயதுப் பெடியன் ஒருவனை ஒப்பந்தம் செய்து வளர்ப்பதும் இதே மாதிரித்தான். சுருக்கமாக ஓ.ஓ.ரி.பி. என்பார்கள். 1999இல் முதற்பதிப்பு வந்தது, எழுதியவர் மார்க்குஸ் ஹைன்ஸோன் என்ற ஜெர்மன்காரர். ஜெர்மனியில் இருந்துகொண்டு ஒருவர் இவ்வளவு நுணுக்கமாகப் பேஸ்போல் எழுதலாம் என்றால், யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு நாங்கள் ஒரு மைனர் லீக் பண்ணையை, அதாவது மேஜர் லீக்குக்கு ஆள் வளர்க்கிற கீழ்ப்படி அணிகளை, நடத்துவதில் என்ன குறை? மட்டையைத் தொடவே தேவையில்லை. எல்லாம் பட்டியலும் எண்ணும்தான்.

இது ஒன்லைன் லீக் ஆடுகிறவர்களுக்கு எழுதுவது. தனியே வீட்டுக் கணினியில் ஆடினால் நாள்தோறும் நிறுத்தி நிறுத்தித் திருத்தலாம். ஒன்லைனில் 30 அணிக்கும் 30 மனிதர் இருப்பார்கள், லீக்கை நடத்துகிற கொமிஷனர் ஒரே தரத்தில் ஏழு நாளையோ பதினான்கு நாளையோ ஓட்டிவிடுவார், அதைத்தான் சிம் என்பது. அந்த இடைவெளியில் நீங்கள் விட்ட பிழை ஏழு நாளும் பிழையாகவே ஓடும். பெடியளை வளர்ப்பதில் கெட்டுப்போகிறதில் முக்கால்வாசி அங்கேதான் கெடுகிறது.

படிநிலைகளை ஒருக்கால் சொல்லிவிடுகிறேன். அடியில் றூக்கி லீக்: டொமினிக்கன் சமர் லீக், பிறகு அரிசோனா, ஃபுளோரிடா கொம்ப்ளெக்ஸ் லீக்குகள். அதற்கு மேல் சிங்கிள் ஏ, ஹை ஏ, டபிள் ஏ, ட்ரிப்பிள் ஏ. 2021இல் உண்மையான மேஜர் லீக் தன் கிளை அணிகளை 120 ஆகக் குறைத்தது. ஒவ்வொரு தாய் அணிக்கும் றூக்கிக்கு மேலே நாலு கிளை. சிங்கிள் ஏயிலும் ஹை ஏயிலும் ஒரு பருவம் 132 ஆட்டம், டபிள் ஏயில் 138, ட்ரிப்பிள் ஏயில் 150. எங்கட பள்ளிக்கூடக் கிரிக்கெட்டில் 15 வயதுக்குட்பட்டோர், 17, 19 என்று ஏறிவந்து கடைசியில் பெரும் சமருக்கு இறங்குகிற மாதிரி. ஒரே வித்தியாசம், இங்கே வயது ஆளை ஏற்றாது, நீங்கள்தான் ஏற்றவேண்டும்.

முதலில் ஒரு கசப்பைச் சொல்லிவிடவேணும். ஒரு பெடியனின் எதிர்கால ரேட்டிங் உங்கள் கையில் இல்லை. ஓ.ஓ.ரி.பி.யில் திறமை மாற்றத்தின் தற்செயல் அளவு என்று ஒரு அமைப்பு இருக்கிறது, வழக்கமாக 100இல் நிற்கும். கொமிஷனர் அதை ஏற்றினால் நட்சத்திரங்கள் திடீரென்று வீழ்வதும் எங்கிருந்தோ எழும்புவதும் கூடும். குறைத்தால் இன்றைக்குத் தெரிகிறதுதான் நாளைக்கும். லீக்கில் சேர்ந்தவுடன் கேட்கவேண்டிய முதற்கேள்வி இதுதான். 100க்கு மேலே என்றால் ஒரு பெரிய புரொஸ்பெக்டை (பின்னுக்குப் பெரிதாக வருவான் என்று எதிர்பார்க்கிற பெடியனை) நம்பியிருப்பதைவிட ஆறு நடுத்தரப் பெடியளை வைத்திருப்பது புத்தி. கீழே என்றால் எதிர்மாறு.

உங்கள் கையில் இருப்பது நாலே நாலு: எந்தப் படியில் நிறுத்துகிறீர்கள், ஒவ்வொரு நாளும் ஆடுகிறானா, ஆர் பழக்குகிறார், மணிக்கூடு, அதாவது அவனை மைனரில் வைத்து வளர்க்கக்கூடிய காலம், எப்போது முடிகிறது. இதில் முதல் இரண்டிலும் கடைசியிலும்தான் ஆட்கள் பிழைவிடுகிறார்கள்.

எண்களைப் படிக்கிறதிலும் ஒரு பழக்கம் வேணும். ரேட்டிங் போடுகிற 20–80 அளவில் மேஜர் லீக்கின் சராசரி 50. நட்சத்திரங்களைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நட்சத்திரம் அவன் நிற்கிற இடத்தோடு ஒப்பிட்டுப் போடுவது. ஷோர்ட்ஸ்டொப்பில் (இரண்டாம், மூன்றாம் பேஸுகளுக்கு நடுவில் தடுக்கிற இடம்) மூன்று நட்சத்திரத்தோடு நிற்கிறவனை ஃபேர்ஸ்ட் பேஸுக்கு மாற்றினால், அதே துடுப்பு ஒன்றரை நட்சத்திரமாகிவிடும். பிரித்துப் பாருங்கள்: தொடுகை, இடைவெளி அடி, ஹோம் ரன் பலம், கண் (அடிக்கக்கூடாத பந்தை விடத் தெரிவது), ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழப்பது) தவிர்ப்பு. தொடுகை ரேட்டிங்குக்குள் ஸ்ட்ரைக் அவுட் தவிர்ப்பு ஏற்கனவே ஒளிந்திருக்கிறது, ஆகவே இரண்டையும் கூட்டிக் கணக்குப் பார்க்காதீர்கள்.

பிறகு, அந்த எண்ணே உண்மை எண் இல்லை. ஆட்களை மதிப்பிட நீங்கள் வைத்திருக்கிற ஸ்கவுட் கண்டதுதான் அது. ஆளின் பக்கத்தில் துல்லியம் எவ்வளவு என்று எழுதியிருக்கும். குறைவு என்று இருந்தால் அந்த 65 என்பது 50ஆகவும் இருக்கலாம். விளையாட்டில் எல்லாருக்கும் பொதுவான ஓ.எஸ்.ஏ. என்ற ஸ்கவுட் அமைப்பின் மதிப்பீடும் கிடைக்கும். உங்கள் ஆளும் ஓ.எஸ்.ஏ.யும் ஒத்துப்போனால் ஓரளவு நம்பலாம். முரண்பட்டால் உங்கள் ஸ்கவுட்டின் சாய்வைப் பாருங்கள். சிலர் உடல்வாகையும் எதிர்காலத்தையும் பெரிதாக எழுதுவார்கள், சிலர் இப்போது என்ன செய்கிறான் என்பதையே பார்ப்பார்கள். முதல் வகையாரிடம் 17 வயதுப் பெடியள் எல்லாரும் தெய்வப் பிறவிகள்.

இந்தப் பனிமூட்டத்தை விலக்குவதற்கு ஆட்டப் புள்ளிவிபரம் உதவும். ஆட்டம் ஓடுவது உண்மை ரேட்டிங்கில், ஸ்கவுட் எழுதியதில் இல்லை. ஆனால் எந்தப் புள்ளியை எப்போது பார்ப்பது என்பதில் கவனம் வேண்டும். ஸ்ட்ரைக் அவுட் விகிதம் சுமார் 60 தடவை துடுப்பெடுத்த பிறகே கதை சொல்லத் தொடங்கும். வோக் (நாலு பிழைப்பந்துக்கு இலவசமாகப் பேஸ் போவது) விகிதத்துக்கு 120 அளவு வேணும். அடிச் சராசரி கடைசியில்தான், ஒரு முழுப் பருவமும் போதாமல் போகும். இரண்டு கிழமையில் 0.380 அடிக்கிறான் என்று மேலே தூக்குகிறவர்கள் பார்ப்பது பெரும்பாலும் பந்து ஆளில்லாத இடத்தில் விழுந்த அதிர்ஷ்டத்தை.

இனி ஆடுகிற நேரம். இதில்தான் கனக்க நிற்கப்போகிறேன்.

ஓர் உதாரணம். சிங்கிள் ஏயில் உங்களுக்கு 19 வயது ஷோர்ட்ஸ்டொப் ஒருவன். தொடுகை இப்போது 30, எதிர்காலம் 55. கண் 35, எதிர்காலம் 60. களத்தடுப்பு வீச்சு 65. அதே அணியில் 24 வயதில் ஒருவன், தொடுகை இப்போது 40, எதிர்காலமும் 40. மைனர் அணிகளின் வரிசையை நீங்கள் போடாவிட்டால் கொம்பியூட்டர் முகாமையாளர்தான் போடுவார். அவருக்கு இன்றைய ஆட்டத்தை வெல்லவேண்டும். உங்கள் 2029ஆம் ஆண்டுக் கனவு அவருக்குத் தெரியாது. 40 என்பது 30ஐ விடப் பெரிசு, ஆகவே 24 வயதுக்காரன் ஆடுவான், உங்கள் பெடியன் வாங்கில் இருப்பான். ஏழு நாள் சிம் முடிந்து பார்த்தால் அவனுடைய பக்கத்தில் இரண்டு ஆட்டம், ஐந்து தடவை துடுப்பு. இரண்டு மாதம் இப்படி ஓடினால் வளர்ச்சி நின்றுவிடும், நீங்கள் ‘துரதிர்ஷ்டம்’ என்று எழுதிவிட்டு அடுத்தவனைத் தேடுவீர்கள்.

திருத்துவதற்கு மூன்று வழி. வலது சொடுக்கில் ஆளை இன்ன இடத்தில் கட்டாயம் ஆடவேண்டும் என்று குறிக்கலாம். அது இலகு, ஆனால் காயம் ஆறித் திரும்புகிறவனுக்கும் படி மாறுகிறவனுக்கும் அந்தக் குறி இன்னும் நிற்கிறதா என்று திரும்பப் பார்க்கவேணும். இரண்டாவது, அந்த அணியின் வரிசையை நீங்களே எழுதுவது. முகாமையாளர் அமைப்புப் பக்கத்தில் வரிசை, ஆழப்பட்டியல், மைனர் ஏற்ற இறக்கம் ஒவ்வொன்றுக்கும் ஆர் பொறுப்பு என்று தனித்தனியே இருக்கும். ஏற்ற இறக்கத்தை எப்போதும் உங்கள் பேரிலேயே வையுங்கள். வரிசையை எழுதினால் இடதுகைப் பந்துவீச்சாளருக்கும் வலதுகைப் பந்துவீச்சாளருக்கும், டி.எச். (களத்தடுப்பு இல்லாமல் துடுப்பெடுக்க மட்டும் வருகிறவர்) இருக்கிற ஆட்டத்துக்கும் இல்லாததற்கும் எல்லாவற்றுக்கும் எழுதவேணும். ஒன்றை மட்டும் நிரப்பிவிட்டு மற்றதை வெறுமையாக விடுவது வழமையான பிழை. மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது: போட்டிக்காரனை அணியிலிருந்தே எடுத்துவிடுங்கள். 24 வயதில் 40/40 ஆளை விடுவித்தால் ஒன்றும் குடிமுழுகாது. ஷோர்ட்ஸ்டொப் ஆடக்கூடியவன் அணியில் அவன் ஒருவனே என்றால் கொம்பியூட்டருக்கும் வேறு வழியில்லை.

ஆனால் அளவுக்கு மிஞ்சி வெட்டாதீர்கள். ஆள் குறைந்தால் விளையாட்டே பேருக்கு மட்டும் இருக்கிற ‘பேய்’ ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்து நிரப்பும். அது பரவாயில்லை, ஆனால் இருக்கிற ஐந்து பந்துவீச்சாளரில் இருவர் காயப்பட்டால் மிச்ச மூவரும் களைத்த கையோடு எறிவார்கள், அடுத்த காயம் அங்கேதான். ஒவ்வொரு படியிலும் இரண்டு கச்சர் (பந்து பிடிப்பவர்), ஐந்து தொடக்கப் பந்துவீச்சாளர், ஆறேழு மாற்றுப் பந்துவீச்சாளர் என்று வைத்தால் போதும்.

டி.எச்.இல் போட்டு ஆடவைப்பதும் ஒரு சோம்பேறித்தனம். துடுப்பு வளரும், களத்தடுப்பு அனுபவம் ஏறாது. இரண்டு ஷோர்ட்ஸ்டொப் இருந்தால் ஒருவனைச் செக்கண்ட் பேஸுக்கும் சென்ரர் ஃபீல்டுக்கும் பழக்குங்கள். புதிய இடத்தில் முதல் மாதம் பிழைகள் குவியும், அது இடம் பழகுகிற செலவு. பழக்குவதற்குச் சிங்கிள் ஏ நல்ல இடம். ட்ரிப்பிள் ஏயில் வந்து பழக்கத் தொடங்கினால் நேரம் இராது. உண்மைப் பேஸ்போலிலும் இதற்குச் சாட்சி உண்டு: ஜேக்கப் டிகுரொம் கல்லூரியில் ஷோர்ட்ஸ்டொப்பாகத்தான் பெரும்பாலும் ஆடினார், 2010 ட்ராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புது ஆட்களைத் தெரிவது) ஒன்பதாம் சுற்றில் பந்துவீச்சாளராக எடுக்கப்பட்டார். மைக் பியாற்ஸா 1988இல் 62ஆம் சுற்றில் ஃபேர்ஸ்ட் பேஸ்காரராக எடுபட்டுக் கச்சராக்கப்பட்டவர்.

படி ஏற்றுவது. 15 வயதுக்குட்பட்டோரில் சதம் அடித்தவனை அடுத்த கிழமையே பெரும் சமரில் இறக்கினால் என்ன நடக்கும்? ஓ.ஓ.ரி.பி.யிலும் அதுதான். தனக்கு மிஞ்சிய படியில் திணறுகிறவன் வளரமாட்டான், மிகச் சுலபமான படியில் நிற்கிறவனும் தேங்குவான். நான் பார்க்கிற கணக்கு இது: துடுப்பாட்டக்காரனின் இப்போதைய தொடுகை அந்தப் படியின் மற்றவர்களுடைய நடுவில் இருந்தால் அதுவே அவனுடைய இடம். அந்தப் படியில் 200 தடவையாவது துடுப்பெடுத்து, ஸ்ட்ரைக் அவுட் 20 வீதத்துக்குள், வோக் 8 வீதத்துக்கு மேல் என்றால் ஏற்றலாம். ஏற்றியவுடன் எல்லாப் புள்ளியும் விழும், அதைப் பார்த்துப் பயப்படவேண்டாம். ஆனால் 100 தடவை துடுப்பெடுத்த பிறகும் ஸ்ட்ரைக் அவுட் 35 வீதத்தில் நின்றால் இறக்கிவிடுங்கள். இறக்குவதில் வெட்கமில்லை, பிந்தி இறக்குவதுதான் நட்டம்.

மேலே சொன்ன ஷோர்ட்ஸ்டொப்பையே எடுப்போம். 19 வயது, தொடுகை 30, சிங்கிள் ஏ. அந்த லீக்கில் அவனுடைய இடத்தில் நிற்கிறவர்களின் தொடுகை 30–35 என்றால் விட்டுவிடுங்கள். ஓகஸ்டில் தொடுகை 35, கண் 40 ஆகிவிட்டது, வோக் கூடுகிறது. இப்போது ஹை ஏக்கு ஏற்ற ஆசை வரும். ஏற்றலாம்தான், ஆனால் அங்கே ஷோர்ட்ஸ்டொப்பில் ஏற்கனவே நிற்கிறவன் ஆர் என்று பார்த்தபிறகு. அவனும் நாளாந்தம் ஆடவேண்டிய புரொஸ்பெக்ட் என்றால் ஒரு மாதம் பொறுப்பதே மேல். ஏற்றம் என்பது ஒருவனுடைய அலுவல் இல்லை, சங்கிலி. மேலேயிருந்து தொடங்குங்கள்: ட்ரிப்பிள் ஏயில் ஒரு வெற்றிடம் உண்டாக்கி, டபிள் ஏக்காரனை ஏற்றி, பிறகு ஹை ஏ, பிறகு உங்கள் பெடியன். கீழேயிருந்து தொடங்கினால் நடுவில் ஓர் அணியில் மூன்று ஷோர்ட்ஸ்டொப் குவிவார்கள்.

பந்துவீச்சாளர்களுக்கு வேறு கணக்கு. ஸ்டஃப் (அடிக்கவிடாத பலம்), மூவ்மென்ட் (பந்தின் அசைவு), கொன்ரோல் (குறி) மூன்றும் ஒருபக்கம். தொடக்கப் பந்துவீச்சாளனாக வருவானா என்பதைத் தீர்மானிப்பது வேறு இரண்டு: மூன்றாவது பந்து வகையும் ஸ்டமினாவும். இரண்டு வகைப் பந்து மட்டும் 60, மூன்றாவது 30இலேயே முடியும் என்றால் அவன் மாற்றுப் பந்துவீச்சாளன்தான். ஸ்டஃப் 70 என்று பார்த்து ஏமாறுகிறது இதில்தான், மாற்றுப் பாத்திரத்தில் ஸ்டஃப் கூடுதலாகவே தெரியும். ஆனாலும் மைனரில் அவனைத் தொடக்கத்தில் எறியவிடுங்கள், ஸ்டமினா போதுமென்றால். இன்னிங்ஸ் கூடும், மூன்றாவது பந்துக்கு ஒரு வாய்ப்பும் கிடைக்கும்.

கொன்ரோல் 25இல் நிற்கிற 18 வயதுக்காரனை ஹை ஏக்கு அனுப்பினால் ஒரு இன்னிங்ஸுக்கு இரண்டு வோக் கொடுத்து, மூன்றாம் இன்னிங்ஸிலேயே 80 பந்து எறிந்திருப்பான். களைப்புக் காயத்தைக் கொண்டுவரும், நீண்ட காயம் ரேட்டிங்கை வெட்டும், சிலநேரம் எதிர்காலத்தையும் சேர்த்து. பந்து எண்ணிக்கைக்கு எல்லை வைக்கலாம். 20 வயதுக்குக் கீழே 80 போதும். உடல் இலகுவில் காயப்படுகிறவன் என்று குறித்திருந்தால் அவனை வளர்க்க மினக்கெடாமல், நன்றாக எறிகிற மாதத்தில் விற்றுவிடுங்கள்.

பழக்குநர்கள் பற்றிச் சுருக்கமாக. ஒவ்வொரு கிளை அணிக்கும் முகாமையாளர், துடுப்புப் பழக்குநர், பந்துவீச்சுப் பழக்குநர் உண்டு. காசு மட்டாக இருந்தால் ட்ரிப்பிள் ஏக்கு நல்லவரை வைப்பதைவிட, உங்கள் நல்ல பெடியள் நிற்கிற படிக்கு வையுங்கள். பொதுவாக அது சிங்கிள் ஏயும் ஹை ஏயும். வளர்ச்சிப் பாதீட்டைப் பருவம் தொடங்கமுன் ஏற்றுங்கள், நடுவில் ஏற்றி உடனே பலன் பார்க்காதீர்கள். வேலை ஒழுக்கமும் புத்திக்கூர்மையும் நல்லது என்று தெரிந்தால், ஒரே ரேட்டிங் உள்ள இருவரில் அவனையே எடுங்கள்.

இப்போது மணிக்கூடு. இது தெரியாமல் பண்ணை நடத்தினால் மற்றவனுக்கு வளர்த்துக் கொடுக்கிற வேலைதான்.

மேஜர் லீக் அணிக்கு 26 பேர் செயற்படு பட்டியல், அந்த 26 பேரையும் சேர்த்து 40 பேர் பட்டியல். 40க்குள் இல்லாத பெடியனை, குறித்த காலம் கடந்தால், டிசம்பரில் நடக்கிற ரூல் 5 ட்ராஃப்டில் வேறு அணி ஒரு லட்சம் டொலர் கட்டித் தூக்கலாம். 18 வயதில் அல்லது அதற்கு முன் ஒப்பந்தமானவனுக்கு ஐந்து பருவம், 19 அல்லது அதற்கு மேல் என்றால் நாலு. தூக்கிய அணி அவனை அடுத்த பருவம் முழுக்க 26இல் வைத்திருக்கவேண்டும். வைக்கமுடியாவிட்டால், வேறு அணிகள் வேண்டாமென்ற பிறகு, பழைய அணி பாதிக் காசில் திரும்ப எடுக்கலாம். இது எப்படிச் சுடும் என்பதற்கு ரொபர்ட்டோ கிளெமென்ரே ஒருவர் போதும். புரூக்ளின் டொட்ஜேர்ஸ் அவரை ஒப்பந்தம் செய்து தன் மைனர் அணியான மொன்ட்ரியல் றோயல்ஸில் வைத்திருந்தது, 1954இல் அந்நாளைய ரூல் 5 ட்ராஃப்டில் பிற்ஸ்பேர்க் எடுத்துக்கொண்டது. பிறகு பிற்ஸ்பேர்க்குக்காக 3000 ஹிட் (அடித்துப் பேஸ் சேர்ந்தது) எடுத்தார். அப்போது பிற்ஸ்பேர்க்கை நடத்தியவர் பிராஞ்ச் றிக்கி. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸில் இந்தப் பண்ணை முறையையே கட்டியெழுப்பிய மனிசன் மற்றவன் பண்ணையில் கைவைத்தால் வேறென்ன நடக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2021 ஜனவரியில் 16 வயதில் ஒப்பந்தமான பெடியன். 2021, 22, 23, 24, 25 என்று ஐந்து பருவம். 2025 நவம்பரில் 40க்குள் எடுக்கவேண்டும். எடுத்தால் ஒப்ஷன் மணிக்கூடு தொடங்கும். ஒப்ஷன் என்றால் 40க்குள் இருக்கிறவனைத் தடையில்லாமல் மைனருக்கு அனுப்பக்கூடிய பருவம், ஒருவனுக்கு மூன்று. ஒரு பருவத்தில் 20 நாளாவது மைனரில் நின்றால் ஒன்று போய்விட்டது. ஆகவே 2026, 27, 28. 2029 வசந்தத்தில் அவன் 26க்குள் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் வேவர்ஸில் (மற்ற அணிகள் விரும்பினால் எடுக்கலாம் என்று விடுவது) போட்டுத்தான் கீழே அனுப்பலாம், அங்கே ஆரோ ஒருவர் கொத்திக்கொண்டு போவார். 16 வயதில் எடுத்த வடலிக்கு 24 வயதில் தவணை முடிகிறது. இதனால்தான் 19 வயதில் இன்னும் டொமினிக்கன் லீக்கில் நிற்கிற பெடியன் எவ்வளவு நல்ல ரேட்டிங் வைத்திருந்தாலும் எனக்குப் பயம். வருசத்துக்கு ஒரு படி என்று ஏறினாலும் அவனுக்கு நேரம் போதாது.

மறுபக்கப் பிழையும் உண்டு: பயத்தில் எல்லாரையும் 40க்குள் அடைப்பது. 2027 வரைக்கும் மேஜரில் ஆடமுடியாத ஹை ஏ கச்சரை எந்த அணி ஒரு பருவம் முழுக்க 26இல் வைத்திருக்கும்? அவனை விட்டுப் பார்க்கலாம். பந்துவீச்சாளன் வேறு கதை. ஸ்டஃப் 55 இருந்தால் மாற்றுப் பந்துவீச்சாளர்களின் கடைசி ஆளாக ஒளித்து வைத்திருக்கலாம், ஆகவே அவனைக் காப்பாற்றுங்கள்.

மேஜருக்கு ஏற்றுகிற நாளும் கணக்குத்தான். 172 நாள் மேஜரில் நின்றால் ஒரு சேவை வருடம். பருவம் சுமார் 187 நாள். தொடக்கத்தில் 16 நாள் தாமதித்து ஏற்றினால் அந்த வருடம் முழு வருடமாகாது, ஆறு சேவை வருடம் முடிந்து சுதந்திரமாவது ஒரு பருவம் பிந்தும். உண்மை உலகில் ஆட்டக்காரர்களுக்கு இது அநியாயம், எனக்கும் அது பிடிக்காது. விளையாட்டில் செய்யாவிட்டால் மற்ற 29 பேரும் செய்வார்கள். உங்கள் லீக் இந்த விதிகளை மாற்றியிருக்கலாம், விதிப் பக்கத்தை வாசிக்காமல் மேலே உள்ள எண்களை அப்படியே நம்பிவிடவேண்டாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஆடுகிறவர்களுக்கு என்று தனியே இரண்டு விசயம். கொமிஷனர் பெரும்பாலும் அமெரிக்கக் கிழக்கு நேரத்தில்தான் நேரம் சொல்வார். இரவு 9 மணி சிம் என்றால் கோடையில் எங்களுக்கு அடுத்த நாள் காலை 6.30, குளிர்காலத்தில் 7.30. அவர்கள் மார்ச் இரண்டாம் ஞாயிறில் மணிக்கூட்டை மாற்றும்போது எங்களுக்கு ஒரு மணித்தியாலம் முந்திவிடும். ஏழு மணிக்கு எழும்பி எக்ஸ்போர்ட் பண்ணிக்கொள்ளலாம் (அணியில் செய்த மாற்றங்களை லீக்குக்கு அனுப்பலாம்) என்றிருந்தவரின் கோப்பு அந்தக் கிழமை போய்ச் சேராது. இரவு படுக்கமுன் அனுப்பிவிடுவதே நிம்மதி. லீக் கோப்பு சில நூறு எம்.பி. வரும். இரவு நேர டேட்டா இருக்கிற பக்கேஜ் என்றால் இறக்குவதை நள்ளிரவுக்குப் பிறகு வையுங்கள், பாதியில் அறுந்த கோப்பைத் திறக்க முயலாமல் திரும்ப இறக்குங்கள்.

மற்றது, வேலையின் ஒழுங்கு. கோப்பைத் திறந்தவுடன் காயப் பட்டியல். பிறகு மேலேயிருந்து கீழே ஒவ்வொரு கிளையும்: பட்டியல் எல்லை மீறியிருக்கிறதா, புரொஸ்பெக்டுகள் கடந்த ஏழு நாளில் எத்தனை ஆட்டம் ஆடினார்கள். ஐந்துக்குக் குறைவு என்றால் ஏன் என்று கண்டுபிடிக்காமல் அடுத்த அணிக்குப் போகவேண்டாம். கடைசியில் எக்ஸ்போர்ட், அனுப்பிய பிறகு லீக் பக்கத்தில் உங்கள் அணிக்கு நேரே திகதி மாறியிருக்கிறதா என்று ஒரு பார்வை. நவம்பரில் மட்டும் ஒழுங்கைத் தலைகீழாக்குங்கள், 40 பேர் பட்டியல் முதலில். ஓய்வுப் பருவத்தில் ஒரு சிம்மிலேயே இரண்டு கிழமை பறந்துவிடும், காக்கவேண்டிய கடைசி நாள் அதற்குள் முடிந்துபோனால் கொமிஷனரிடம் மன்றாடியும் பலனில்லை.

எப்போது விற்பது? எதிர்கால ரேட்டிங் ஏறிய மாதத்தில். இப்போதைய ரேட்டிங் ஏறும்வரை பொறுக்கவேண்டாம். மற்ற அணிகளை நடத்துகிற ஜீஎம்களும் ஓ.எஸ்.ஏ.யைத்தான் பார்க்கிறார்கள், அதில் எதிர்காலம் 65 என்று விழுந்தவுடன் கேள்விகள் வரும். உங்கள் சொந்த ஸ்கவுட் அதே ஆளுக்கு 50தான் எழுதியிருக்கிறான், ஹை ஏயில் ஸ்ட்ரைக் அவுட் 30 வீதம் என்றால், அந்தக் கிழமையே பேசி முடியுங்கள். பதிலுக்கு இரண்டு படி கீழே நிற்கிற, அதிகம்பேர் பார்க்காத இரண்டு 18 வயதுப் பெடியளைக் கேளுங்கள். வியாபாரம் முடிந்த கையோடு எக்ஸ்போர்ட்டை அழுத்தவேண்டாம். விற்றவன் நின்ற ஹை ஏ ஷோர்ட்ஸ்டொப் இடம் இப்போது வெறுமை. சிங்கிள் ஏயில் காத்திருக்கிற அந்த 19 வயதுக்காரனை நீங்கள் அதில் போடாவிட்டால், கொம்பியூட்டர் முகாமையாளர் எங்கேயோ கிடந்த 27 வயதுக்காரன் ஒருவனைத் தேடி எடுத்து எழுதிவிடுவார்.